சுருட்டிலிருந்து சுருளுக்கு: இ-சிகரெட்டின் காயிலும் டேங்கும்

இ-சிகரெட் என்பது புகையிலையை எரிக்காமல், ஒரு திரவத்தை மின்சாரத்தால் சூடாக்கி, அதிலிருந்து எழும் நுண்துளி ஆவியை உள்ளிழுக்கச் செய்யும் கருவி. மின்சிகரெட் என்றும் எழுதுகிறார்கள். இதன் முக்கிய உறுப்புகள் மூன்று: பேட்டரி, திரவம் நிற்கும் டேங்க், திரவத்தைச் சூடாக்கும் காயில். பேட்டரி பல மாதங்கள் உழைக்கும். டேங்க் உடையும்வரை இருக்கும். காயில் மட்டும் ஓரிரு வாரங்களில் கருகிப்போகும். கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

எத்தனை ஓம் காயில் வாங்கலாம், எத்தனை மில்லி டேங்க் நல்லது என்று சொல்லித்தரும் வெளிநாட்டுக் காணொளிகள் இங்கே மதுரையில் உள்ள மாணவர்களின் கைப்பேசியிலும் ஓடுகின்றன. அவற்றில் வராத செய்தி ஒன்று உண்டு. கருவியை மட்டுமல்ல, அந்தக் காயிலைத் தனியாக விற்பதும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் இந்தியாவில் 2019 முதல் குற்றம். கட்டைவிரல் நகத்தளவு இருக்கும் ஓர் உதிரிப் பாகம் சட்டத்தின் வாசகத்துக்குள் எப்படி வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது.

எரிப்பதும் சூடாக்குவதும்

புகையிலை இந்தியாவுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்தது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்தார். தடை நிற்கவில்லை. பிற்காலத்தில் திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலையும் திருச்சியில் சுருட்டிய சுருட்டும் இங்கிலாந்து வரை பெயர் பெற்றன. ஆங்கிலேயர்கள் ‘செரூட்’ என்று சொல்லும் சொல்லே நம் ‘சுருட்டு’தான். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில் கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே அவர் கண்டுபிடிப்பார்.

இலையைச் சுருட்டினால் சுருட்டு, கம்பியைச் சுருட்டினால் சுருள். காயில் என்று கடைக்காரர் சொல்வது இந்தச் சுருளைத்தான். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்று. ஆனால் வேலை வேறு. சுருட்டில் இலை எரிகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. சுருளில் எரிதல் இல்லை, சூடு மட்டும். (காளவாசல் என்ற எங்கள் பகுதியின் பெயரே சூளையைக் குறிக்கும் சொல். சூளைக்கும் அடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.)

எரிக்காமல் சூடாக்கும் எண்ணம் பழையது. அமெரிக்கரான ஜோசஃப் ராபின்சன் மருந்தை மின்சாரத்தால் ஆவியாக்கி முகரும் கருவி ஒன்றுக்கு 1930இல் காப்புரிமை பெற்றார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963இல் விண்ணப்பித்து 1965இல் ‘புகையில்லாத, புகையிலையில்லாத சிகரெட்’ என்ற காப்புரிமையைப் பெற்றார். மாதிரிக் கருவிகளும் செய்து பார்த்தார். வாங்கி உற்பத்தி செய்ய எந்த நிறுவனமும் முன்வரவில்லை. சிகரெட் விளம்பரம் தொலைக்காட்சியில் தடையின்றி ஓடிய காலம் அது. மாற்றுப் பொருளுக்குத் தேவை என்ன இருந்தது?

இன்றைய கருவியின் வரலாறு சீனாவில் தொடங்குகிறது. ஹான் லிக் என்ற மருந்தாளுநர் தாமே கடுமையாகப் புகைப்பவர். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 2003இல் ஹான் லிக் பதிவு செய்த கருவி 2004இல் சீனச் சந்தைக்கு வந்தது. ‘புகை போன்றது’ என்று பொருள்படும் ரூயான் என்பது அதன் வணிகப் பெயர். அந்த முதல் வடிவத்தில் திரவத்தை ஆவியாக்கியது கம்பிச்சுருள் அல்ல, மீயொலி அதிர்வு. பின்னால் வந்தவர்கள்தாம் மலிவான, எளிதான வழியாகச் சூடேறும் கம்பியைத் தேர்ந்தார்கள். 2013இல் ஹான் லிக்கின் காப்புரிமைகளை இம்பீரியல் டொபாக்கோ என்ற சிகரெட் நிறுவனத்தின் துணை நிறுவனம் 7.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

காயில்

காயிலில் புதுமை எதுவும் இல்லை. இஸ்திரிப் பெட்டியிலும் மின்அடுப்பிலும் உள்ள அதே வகைக் கம்பிதான். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்ரோம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் உருவாக்கியது. இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த காந்தல், சுவீடனில் பிறந்தது. இரண்டும் செந்தணலாகச் சூடேறினாலும் எளிதில் உருகுவதில்லை.

இந்தக் கம்பியைச் சுருட்டி, நடுவே பஞ்சுத் திரியை வைத்தால் காயில் ஆயிற்று. அகல் விளக்கை நினைத்துக்கொண்டால் போதும். எண்ணெய் நிற்கும் அகல் டேங்க். திரி எண்ணெயை மேலே இழுக்கும். சுடர் இருக்க வேண்டிய இடத்தில் சூடான கம்பி. எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரி கருகி நாறுவதைப் போலவே, திரவம் வந்து சேராத காயிலில் பஞ்சு கருகும். திரவத்திலுள்ள இனிப்பூட்டிகளும் கம்பியின்மேல் கரியாகப் படியும். காயில் அடிக்கடி மாற்றப்படுவதற்குக் காரணம் இதுதான்.

காயிலைத் தேர்வது என்பது பெரும்பாலும் அதன் மின்தடையைத் தேர்வது. பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன் கிடைக்கும். 3.7 வோல்ட் பேட்டரியில் 1.8 ஓம் காயில் போட்டால் சுமார் 7.6 வாட். அதே பேட்டரியில் 0.5 ஓம் காயில் போட்டால் சுமார் 27.4 வாட். தொடக்கக் காலக் காயில்கள் முதல் வகை. சிகரெட்டைப் போல மெல்ல இழுப்பதற்கானவை. 2014ஐ ஒட்டிப் பரவிய ‘சப்-ஓம்’ காயில்கள், அதாவது 1 ஓமுக்கும் குறைந்தவை, இரண்டாம் வகை. ஆவி மேகமாக வரும், திரவம் மளமளவென்று தீரும், பேட்டரிக்குச் சுமை கூடும். மின்தடை குறைந்த காயிலைத் தாங்காத பேட்டரியில் போட்டு, பேட்டரி வெடித்து முகமும் தொடையும் கருகிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

டேங்க்

முதல் கருவிகளில் டேங்க் கிடையாது. நாரைத் திணித்த சின்னக் குப்பி ஒன்று இருந்தது. அதில் திரவத்தை ஊறவைத்திருப்பார்கள். குப்பியும் சூடேற்றியும் ஒன்றாகச் சேர்ந்த கார்ட்டமைசர் அடுத்து வந்தது. அதற்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் திரவம் கண்ணுக்குத் தெரியும் ஒளிபுகும் தொட்டியும், அதன் அடியில் திருகிப் பொருத்தும் காயிலும் வந்தன.

சில வாசனைத் திரவங்கள், குறிப்பாக எலுமிச்சை, இலவங்கப்பட்டை வாசனை சேர்த்தவை, பிளாஸ்டிக் டேங்கில் விரிசல் விடச் செய்தன. எனவே கண்ணாடி டேங்க் வந்தது. திரவத்தின் அடிப்படை புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு. கிளிசரின் கூடினால் திரவம் தேன்போல் கெட்டியாகும். சிறு துளையுள்ள காயிலுக்குள் ஏறாது. ஆகவே திரவத்துக்கு ஏற்ற காயில், காயிலுக்கு ஏற்ற டேங்க், டேங்குக்கு ஏற்ற பேட்டரி என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. சவரக் கத்தியின் கைப்பிடியை ஒருமுறை விற்றுவிட்டு, பிளேடை ஆயுள் முழுவதும் விற்கும் வணிகம் நமக்குத் தெரியும். இங்கே பிளேடின் இடத்தில் காயிலும் திரவமும் இருந்தன. இந்தப் பொருள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு நிகோடினுக்கு அடுத்த காரணமாக நான் இதைத்தான் சொல்வேன்.

உடலுக்குள் போவது

எரியவில்லை என்பதால் தூய காற்று என்று பொருளல்ல. 2015இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, டேங்க் வகைக் கருவியைக் குறைந்த மின்னழுத்தத்தில் இயக்கியபோது ஃபார்மால்டிஹைடு சார்ந்த பொருட்கள் தென்படவில்லை என்றும், 5 வோல்ட்டில் இயக்கியபோது தென்பட்டன என்றும் காட்டியது. அவ்வளவு சூட்டில் கருகல் சுவையை யாரும் தாங்கி இழுக்கமாட்டார்கள் என்று மறுப்பும் எழுந்தது.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 56 பேரின் கருவிகளை வாங்கிச் சோதித்தார்கள். கடையில் வாங்கிய புட்டியில் இருந்த திரவத்தில் ஈயம், நிக்கல், குரோமியம் மிகக் குறைவு. அதே திரவம் காயிலைத் தொட்டு ஆவியான பிறகு இவற்றின் அளவு பல மடங்கு. உலோகம் காயிலிலிருந்து வருகிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் சொல்வது கடினம். எந்தக் கம்பி நல்லது என்று கேட்பவர்கள் சுவையை நினைத்துக் கேட்கிறார்கள்; கேட்க வேண்டியது இந்த உலோகக் கணக்கு.

2019இல் அமெரிக்காவில் திடீரென நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக் கணக்குப்படி 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ இருந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டே காரணமாகக் கண்டறியப்பட்டது. இதைச் சாதாரண நிகோடின் திரவத்தின் தலையில் கட்டுவது சரியல்ல. டேங்கில் என்ன ஊற்றப்பட்டிருக்கிறது என்று இழுப்பவருக்கே தெரியாது என்பதுதான் அந்தச் செய்தியில் கவனிக்க வேண்டியது.

இந்தியத் தடை

தமிழ்நாடு 2018இல் தடையை அறிவித்தது. கர்நாடகம் முதலான சில மாநிலங்கள் அதற்கு முன்பே தடுத்திருந்தன. 2018 ஆகஸ்டில் நடுவணரசு மாநிலங்களுக்கு அறிவுரைக் கடிதம் அனுப்பியது. ஆனால் சட்ட அடித்தளம் பலவீனமாக இருந்தது. மருந்துச் சட்டத்தைக் கொண்டு தடுக்கப் பார்த்தபோது, இது மருந்தே அல்ல என்று வணிகர்கள் வாதாடினார்கள். 2019 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை முதல் நோக்கில் ஏற்று, நடுவணரசின் சுற்றறிக்கையை நிறுத்திவைத்தது.

2019 மே 31 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முழுத் தடையைப் பரிந்துரைத்து வெள்ளை அறிக்கை வெளியிட்டது. செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் வந்தது. அதைப் பத்திரிகையாளர்களிடம் அறிவித்தவர் மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்டத்துக்கு டிசம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 2019ஆம் ஆண்டின் 42ஆம் சட்டம் அது.

சட்டத்தின் இரண்டு இடங்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். முதலாவது வரையறை. ஒரு பொருளைச் சூடாக்கி உள்ளிழுக்கும் ஆவியை உண்டாக்கும் மின்னணுக் கருவி, அதில் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தப் பெயரில் எந்த வடிவில் இருந்தாலும், இ-சிகரெட்டே. இரண்டாவது 4ஆம் பிரிவு. தயாரிப்பது, இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது, கொண்டுசெல்வது, விற்பது, வினியோகிப்பது எல்லாம் தடை. முழுப் பொருளாக இருந்தாலும் சரி, அதன் எந்தப் பகுதியாக இருந்தாலும் சரி. விளம்பரமும் தடை.

‘எந்தப் பகுதியாக இருந்தாலும்’ என்ற சொற்கள் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பேட்டரியை ஒரு கடையிலும், டேங்கை இன்னொரு கடையிலும், காயிலை அஞ்சலிலும் வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். ‘நிகோடின் இல்லாவிட்டாலும்’ என்ற சொற்கள் இல்லாதிருந்தால், காலி டேங்கில் குற்றமென்ன என்று கேட்கலாம். தில்லி வழக்கில் பட்ட அனுபவம் சட்டம் எழுதியவர்களை எச்சரித்திருக்கும் என்று கருத இடமுண்டு.

4ஆம் பிரிவை மீறினால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். சரக்கை இருப்பு வைக்க இடம் கொடுத்தால் 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இழுப்பவரைத் தண்டிக்கும் தனிப் பிரிவு சட்டத்தில் இல்லை.

இந்தச் சட்டத்தின்மீது சொல்லப்படும் குறை ஒன்றைப் புறந்தள்ள முடியாது. சிகரெட்டும் பீடியும் பெட்டிக்கடையில் தொங்குகின்றன. பொதுத்துறை நிறுவனமான எல்ஐசி, ஐடிசி நிறுவனத்தில் பெரும் பங்கு வைத்திருக்கிறது. 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதைத் தாண்டியவர்களில் 28.6 விழுக்காட்டினர் புகையிலையைப் பயன்படுத்தினர். பழையதை விட்டுவைத்துப் புதியதைத் தடுத்தது ஏன்? புதியது இன்னும் வேர்விடவில்லை, அதனால் பிடுங்க முடியும் என்பதே அரசு தரப்பின் பதில். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு நின்ற எனக்கு அந்தப் பதிலில் நியாயம் தெரிகிறது. பேனாவைப் போலவும் பென்டிரைவைப் போலவும் இருக்கும் பொருளைப் பதினைந்து வயதுப் பையனின் பையில் கண்டுபிடிப்பது எந்த ஆசிரியருக்கும் எளிதல்ல. பீடியென்றால் வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

அதே காயில், வேறு நாடுகள்

ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்யவில்லை, அளந்தது. 2014இல் இயற்றி 2016 மே முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறையின்படி டேங்க் 2 மில்லிக்கு மேல் கூடாது, திரவப் புட்டி 10 மில்லிக்கு மேல் கூடாது, நிகோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. எந்த டேங்க் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடையை அங்கே சட்டமே சொல்லிவிட்டது.

பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை இழுத்துத் தூக்கி எறியும் கருவிகளைத் தடை செய்தது. குப்பையும் சிறுவர்களும் காரணம். இனி விற்கும் கருவி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடியதாகவும், திரவம் நிரப்பக்கூடியதாகவும் இருக்க வேண்டும். காயில் இருந்தால் அதை மாற்ற முடிய வேண்டும். ஆக, மதுரையில் விற்கக்கூடாத உதிரிப் பாகம், லண்டனில் கட்டாயம் மாற்றக் கிடைக்க வேண்டிய உதிரிப் பாகம்.

சிங்கப்பூர் நம்மைவிடக் கடுமை. 2018 பிப்ரவரி முதல் அங்கே வாங்குவதும் வைத்திருப்பதும் இழுப்பதுமே குற்றம்; உதிரிப் பாகங்களும் அதில் அடங்கும். மயக்க மருந்தான எட்டோமிடேட் கலந்த திரவங்கள் பரவியதால் 2025 செப்டம்பரில் தண்டனைகள் இன்னும் கூட்டப்பட்டன. அங்கே வேலைக்கோ படிப்புக்கோ போகும் நம் பிள்ளைகள் இதை விமானம் ஏறும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இந்தியச் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவை இந்த வரையறைக்குள் வாரா. நிகோடின் கலந்த சூயிங்கம் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. புகைப்பதை விட விரும்புவோருக்கு மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதுண்டு. நடுவணரசின் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை.