மார்க்கின் மதிப்பு உயர்ந்தபோது



ஒரு நாட்டின் பணம் மதிப்பு உயர்ந்தால் அந்த நாட்டாருக்குச் சந்தோஷம்தானே என்று நாம் நினைப்போம். பேப்பரில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் 1969-ம் வருஷம் மேற்கு ஜெர்மனியில் மார்க்கின் மதிப்பு உயர்ந்தபோது அங்கே உள்ள குடியானவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க சர்க்கார் முன்வந்தது. பதினைந்து வருஷம் கழித்து அதே மாதிரி ஒரு நஷ்டஈடு கொடுத்தபோது, பக்கத்து நாடான பிரான்சில் மாடு வளர்ப்பவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்த வழக்குகளின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் கணக்கு வரும். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் விலை எப்படி நிர்ணயமாயிற்று என்று பார்ப்போம். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஹாலந்து, பெல்ஜியம், லக்ஸம்பர்க் என்று ஆறு நாடுகள் சேர்ந்து ஐரோப்பியப் பொதுச் சந்தை என்று ஒன்றை அமைத்திருந்தன. கோதுமைக்கு, பாலுக்கு, மாட்டிறைச்சிக்கு ஆறு நாட்டுக்கும் ஒரே விலை. ஆனால் ஆறு நாட்டிலும் பணம் வேறு வேறு. ஆகையால் 'கணக்கு அலகு' என்று ஒன்றை வைத்துக்கொண்டார்கள். அது கையில் பிடிக்கிற காசு அல்ல, ஏட்டில் மட்டும் இருக்கிற காசு. அதன் மதிப்பு அன்றைய அமெரிக்க டாலருக்குச் சமம். விலையை அந்த அலகில் எழுதிவிட்டு, அவரவர் நாட்டுப் பணத்துக்கு மாற்றிக்கொள்வார்கள்.

ஓர் அலகுக்கு 4 மார்க் என்று இருந்தது. ஒரு சரக்குக்கு 100 அலகு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் விவசாயி கையில் 400 மார்க் வரும். 1969 அக்டோபர் கடைசியில் மார்க்கின் மதிப்பை 9.29 சதவீதம் உயர்த்தினார்கள். அதாவது ஓர் அலகுக்கு இனி 3.66 மார்க்தான். அதே சரக்கு, அதே 100 அலகு, ஆனால் கையில் வருவது 366 மார்க். 34 மார்க் காணாமல் போயிற்று! விளைச்சல் குறையவில்லை, தரம் குறையவில்லை, வியாபாரி ஏமாற்றவில்லை. கூலியும் வாங்கின கடனும் மட்டும் பழைய மார்க் கணக்கிலேயே நிற்கிறது. இதை எந்த விவசாயி ஒத்துக்கொள்வார்?

பிரான்சில் நேர்மாறாக நடந்திருந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் பிராங்கின் மதிப்பை 11.1 சதவீதம் குறைத்தார்கள். அங்கே அலகுக் கணக்குப்படி விலை ஏற வேண்டும். உடனே ஏறவிட்டால் பட்டணத்துக்காரர்கள் கூச்சல் போடுவார்கள் என்று பிரெஞ்சு சர்க்கார் அந்த ஏற்றத்தைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. ஆக, 'ஒரே விலை' என்ற கொள்கை இரண்டு பக்கமும் ஒரே வருஷத்தில் பிளந்துவிட்டது.

முதல் வழக்கு இதற்கு நடுவிலேயே வந்துவிட்டது. மதிப்பை உயர்த்துவதற்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் மார்க்கைச் சந்தை போக்கில் மிதக்க விட்டார்கள். அப்போது வெளிநாட்டுத் தானியமும் இறைச்சியும் மலிவாக உள்ளே புகுந்துவிடுமே என்று ஜெர்மனி எல்லையில் தடுக்கப் பார்த்தது. பொதுச் சந்தையின் கமிஷன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனி லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஓடிப்போய், கமிஷன் உத்தரவுக்குத் தடை கேட்டது. நீதிமன்றத்தின் தலைவர் 1969 அக்டோபர் 5-ம் தேதி தடை தர முடியாது என்று தள்ளிவிட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கவனியுங்கள். விவசாய விலைக்காக ஞாயிற்றுக்கிழமை உத்தரவு போட்ட கோர்ட்டை எனக்குத் தெரிந்து வேறெங்கும் கேட்டதில்லை. பிறகு எல்லையில் ஒரு வரி போட்டுக்கொள்ள கமிஷனே அனுமதி கொடுத்தது.

மதிப்பு உயர்ந்த பிறகு அந்த எல்லை வரியையும் எடுத்தாக வேண்டும். அதற்குப் பதிலாக, வருஷத்துக்கு 170 கோடி மார்க் வரை தன் விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுக்கலாம் என்று 1969 டிசம்பரில் ஜெர்மனிக்கு அனுமதி கிடைத்தது. அதில் ஒரு பகுதி நேரடியாகப் போயிற்று. இன்னொரு பகுதி வரி வழியாகப் போயிற்று. இந்த வரி வழியைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வருகிற வழக்கு புரியும்.

மதிப்புக் கூட்டு வரி என்பது, விற்கிறவர் விலையோடு சேர்த்து வசூல் பண்ணி, தான் வாங்கின பொருளுக்குக் கட்டின வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கஜானாவில் கட்டுவது. சின்னச் சின்ன விவசாயிகள் ரசீது வைத்துக் கணக்கு எழுத முடியுமா? ஆகவே ஜெர்மனியில் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். விவசாயி தன் சரக்கை விற்கும்போது விலையோடு இத்தனை சதவீதம் வரி சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். அதைக் கஜானாவில் கட்ட வேண்டாம், தானே வைத்துக்கொள்ளலாம். உரத்துக்கும் டிராக்டருக்கும் அவர் கட்டின வரிக்கு அது ஈடு. சரக்கை வாங்கின வியாபாரி அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். முடிவில் பணம் கொடுப்பது சர்க்கார்தான். இந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். மனுவும் இல்லை, க்யூவும் இல்லை, பால் ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் பணம் கைக்கு வந்துவிடும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் அதிகம் விற்கிறவருக்கு அதிகம் போகும், கொஞ்சம் விற்கிறவருக்குக் கொஞ்சம்தான் போகும். அந்தக் குறையும் அதிலேயே இருந்தது.

1971 மே மாதம் மார்க் மறுபடியும் மிதந்தது. இந்தத் தடவை நிரந்தரமாகவே ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. விவசாயப் பொருளுக்கு மட்டும் பழைய மாற்று விகிதத்தை வைத்துக்கொள்வது. நிஜ விகிதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எல்லையில் சரிக்கட்டுவது. பணம் பலமான நாட்டில் இறக்குமதிக்கு வரி, ஏற்றுமதிக்கு மானியம். பணம் பலவீனமான நாட்டில் இறக்குமதிக்கு மானியம், ஏற்றுமதிக்கு வரி. இதற்கு 'நாணய ஈட்டுத்தொகை' என்று பெயர். தற்காலிகம் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள்.

பணம் ஒரு பக்கம் வாங்கி ஒரு பக்கம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அயர்லாந்து எல்லையில் பன்றிகளை வடக்கே கொண்டுபோய் ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாகக் கள்ள வழியில் தெற்கே ஓட்டி வந்து, திரும்பவும் வடக்கே கொண்டுபோய்ப் பணம் வாங்கினார்கள். ஒரே பன்றி எத்தனை தடவை 'ஏற்றுமதி' ஆயிற்று என்பது அந்தப் பன்றிக்குத்தான் வெளிச்சம்.

வழக்குகளும் வரிசையாக வந்தன. பல்கேரியாவிலிருந்து ஆட்டுப்பால் சீஸ் இறக்கிய பெர்லின் கம்பெனி ஒன்று, இந்த வரியே செல்லாது, சரியான சட்டப் பிரிவின்கீழ் போடவில்லை என்று வாதாடியது. 1973 அக்டோபர் 24-ம் தேதி நீதிமன்றம் வரி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. அவசரம், வேறு வழியில்லை என்பது அதன் சாரம்.

அடுத்தது பிரெஞ்சு எண்ணெய்வித்துக் கம்பெனி ஒன்றின் வழக்கு. வெளிநாட்டுக்குக் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் வித்து அனுப்ப 1972 ஜனவரி முதலில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஏற்றுமதிக்குக் கிடைத்து வந்த ஈட்டுத்தொகையைக் கணக்கில் வைத்துத்தான் விலை பேசியிருந்தார்கள். ஜனவரி கடைசியில் விதி வந்தது: பிப்ரவரி 1 முதல் ஈட்டுத்தொகை கிடையாது. ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அவகாசம்கூட இல்லை. 1975-ல் நீதிமன்றம், இப்படித் திடீரென்று நிறுத்தியது தவறு, நம்பிச் செயல்பட்டவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும், கமிஷன் பொறுப்பு என்று சொன்னது. கம்பெனிக்காரர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தபோது, பேரமே பிராங்கில் பேசி, பணமும் பிராங்கிலேயே வந்திருந்தது தெரிந்தது. மாற்று விகிதத்தால் நஷ்டமே இல்லையே என்று 1976-ல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். நியாயம் ஜெயித்தது, கையில் ஒன்றும் வரவில்லை.

மக்காச்சோள வழக்கு இன்னும் வேடிக்கை. ஒரு டன் மக்காச்சோளத்தை உடைத்தால் ரவை, மாவுச்சத்து, தவிடு என்று பல சரக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே போட்ட வரியைக் கூட்டிப் பார்த்தால், முழு மக்காச்சோளத்துக்கு உள்ள வரியைவிட அதிகமாக இருந்தது! இது செல்லாது என்று 1980 அக்டோபர் 15-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஆனால் முன்னால் வசூலித்ததைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. தப்பாக வாங்கின பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால் என்னங்க நியாயம்? பிரான்சின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றமே 1985-ல் அந்தப் பகுதிக்குக் கட்டுப்பட மறுத்துவிட்டது. 1994-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தானே இறங்கி வந்து, தீர்ப்புக்கு முன்னாலேயே வழக்குப் போட்டவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சொல்லிற்று.

இப்போது மாடு வளர்ப்பவர்கள் வழக்குக்கு வருவோம்.

1984-ல் ஜெர்மனியின் ஈட்டுத்தொகையைக் குறைத்தே தீர வேண்டும் என்று மற்ற நாடுகள் நெருக்கின. குறைத்தால் ஜெர்மன் விவசாயிக்கு விலை இறங்கும். 1985 ஜனவரி 1 முதல் ஐந்து புள்ளி குறைப்பது என்று முடிவாயிற்று. அதற்கு ஈடாக வரி வழியில் 3 சதவீதம் கொடுத்துக்கொள்ளலாம் என்று மார்ச் மாதம் விதி போட்டார்கள். ஜெர்மன் விவசாயிகள் போதாது என்றார்கள். விவசாய மந்திரி இக்னாஸ் கீஷ்லே தாமே பால் பண்ணைக்காரர். அவர்கள் கோபம் அவருக்குத் தெரியும். ஜூனில் பிரான்சின் ஃபோன்தென்ப்ளோ நகரில் நாட்டுத் தலைவர்கள் கூடியபோது ஜெர்மனி 5 சதவீதம் கேட்டு வாங்கிக்கொண்டது. ஜூன் 30-ம் தேதி அமைச்சர் மன்றம் உத்தரவு போட்டது, மறுநாளே அமலுக்கு வந்தது. ஜெர்மன் விவசாயியின் சதவீதம் 8-லிருந்து 13 ஆயிற்று. விலை குறைப்பு ஜனவரியில், நஷ்டஈடு ஜூலையிலேயே! நோய் வருவதற்கு ஆறு மாதம் முன்னால் மருந்து.

இப்படிப்பட்ட விதிவிலக்குக்கு எல்லா நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். பிரான்சும் சம்மதித்தது. ஆகவே பிரெஞ்சு மாடு வளர்ப்பவர்களுக்குத் தங்கள் சர்க்காரிடம் முறையிட்டுப் பிரயோசனம் இல்லை. 'ல செகோத்' என்ற கூட்டுப் பண்ணை அமைச்சர் மன்றத்தின் மீதும் கமிஷன் மீதும் நேரே நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. நஷ்டத்துக்கு மேல் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் அவர்கள் சரக்கு எங்கள் சந்தையில் எங்களை அமுக்குகிறது என்பது அவர்கள் மனக்குறை.

வருத்தம் நியாயமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கோர்ட்டில் வருத்தம் போதாது. விலை விழுந்தது அந்த 5 சதவீதத்தால்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதே 1984 வசந்தத்தில்தான் பாலுக்கு அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அளவுக்கு மேல் பால் கறந்தால் அபராதம் என்றதும் கறவை மாடுகளைப் பலரும் கழித்துக் கட்டினார்கள். இறைச்சி சந்தையில் குவிந்தது. விலையைத் தள்ளியது ஜெர்மனியின் வரியா, கழித்த மாடா என்று ஒரு பண்ணைக்காரர் எப்படிப் பிரித்துக் காட்டுவார்? சந்தையில் எந்த மாட்டின் நெற்றியிலும் காரணம் எழுதி ஒட்டியில்லை.

1987 ஜனவரி 15-ம் தேதி தீர்ப்பு வந்தது. நஷ்டத்துக்கும் அந்த உத்தரவுக்கும் உள்ள தொடர்பை வாதி நிலைநாட்டவில்லை என்று வழக்குத் தள்ளுபடியாயிற்று.

ஜெர்மன் விவசாயியின் 13 சதவீதம் 1988 கடைசி வரை நீடித்தது. 1989-ல் 11 ஆயிற்று, 1992-ல் பழையபடி 8. எல்லையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த 'தற்காலிக' ஈட்டுத்தொகை 1992 டிசம்பர் 31 வரை, இருபத்தொரு வருஷத்துக்கு மேல் ஓடியது. மறுநாள் உள் எல்லைகளில் சுங்கச் சாவடியே இல்லாமல் போனபோதுதான் அதுவும் போயிற்று. அயர்லாந்துப் பன்றிகளுக்கும் ராத்திரிப் பயணம் நின்றது.