பெரிய கோயிலின் மேனேஜர்

வங்கியில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். அதில் கடைசி 11 வருஷம் கிளை மேனேஜர். பதவி கொடுத்த கையோடு பயிற்சிக்கும் அனுப்பினார்கள். 1911-ல் அமெரிக்காவில் டெய்லர் என்ன எழுதினார், 1916-ல் பிரான்சில் ஃபயோல் என்ன சொன்னார், ஆட்களை நம்பி வேலை வாங்குவதா, அதட்டி வாங்குவதா என்று நாலு நாள் வகுப்பு. நானும் ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு தஞ்சாவூர் திரும்பினேன். அந்தப் பாடத்தில் பாதி நம் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது என்பது ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது.

சின்ன வயதில் அந்த எழுத்துகளின் மேல் கையை ஓட்டிக்கொண்டே பிராகாரம் சுற்றியிருக்கிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று யார் கேட்டோம்? ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் படியெடுத்துப் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டியபோது, லெட்ஜர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புராணமாகத் தெரியவில்லை. கணக்குப் புத்தகமாகத்தான் தெரிந்தது.

கோயிலைக் கட்டியவர் ராஜராஜன். அது ஊரறிந்த விஷயம். தன் 25-வது ஆட்சியாண்டில், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சிக்கு வைக்கச் செப்புக் கலசம் கொடுத்தார். மறு ஆண்டு, தானும் தன் அக்காள் குந்தவையும் தன் தேவியரும் மற்றவர்களும் கொடுத்ததையெல்லாம் கல்லிலே வெட்டச் சொன்னார். ஆனால் கோயிலை நடத்தியவர் யார்? அவர் பெயரும் கல்லில் இருக்கிறது. பொய்கைநாட்டுத் தலைவர் ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான். ‘ஸ்ரீகார்யம் செய்கின்றவர்’ என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். இன்றைய பாஷையில் மேனேஜர்.

அவர் பொறுப்பில் இருந்ததைப் பாருங்கள். ஆடல் மகளிர் மட்டும் 400 பேர். அவர்கள் போக நட்டுவனார், பாடுவோர், கணக்கர், தச்சர், தட்டார், கன்னார், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர். ஊர்ச் சபைகள் அனுப்ப வேண்டிய காவல்காரர்கள் வேறு. நகை, பாத்திரம், ஆடு மாடு, கிராமங்களுக்குக் கொடுத்த கடன், அதற்கு வர வேண்டிய வட்டி. வட்டி காசுக்கு வருஷம் அரைக்கால் காசு. நம் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை!

முதலில் என்னைக் கவர்ந்தது அளவு. நெல் அளக்க ஆடவல்லான் என்ற மரக்கால், பொன் நிறுக்க அதே பெயரில் எடைக்கல், ரத்தினங்களுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்ற கல். எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதைச் சொல்லாமல் ஒரு பதிவும் இல்லை. களத்து மேட்டில் யார் மரக்கால், எந்த மரக்கால் என்று நடந்த சண்டைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமை தெரியும். முத்திலும் வைரத்திலும் புள்ளி, கீறல் இருந்தால் அதையும் எழுதி வைத்தார்கள். குறையை மறைக்காமல் எழுதுகிற கணக்குதான் கணக்கு. இல்லாவிட்டால் பிற்பாடு பொறுப்புக்கு வருகிறவன் தலையில் அல்லவா விடியும்?

அடுத்தது விளக்கு. ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதைப் பெற்றுக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழமாகும், சாகும். ஆனால் குட்டிகளை வைத்து எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டியது அவர் பாடு. சோழர் காலக் கல்வெட்டுகளில் இதற்குச் சாவா மூவாப் பேராடு என்று அழகான பெயர் உண்டு. முதலைத் தொடாமல் பலனை மட்டும் அனுபவிப்பது. தினமும் ஒருவர் போய், “நெய் எங்கேடா?” என்று கத்த வேண்டியதில்லை. ஏற்பாடே வேலை வாங்கிவிடும்.

மூன்றாவது, ஆள் போனால் என்ன செய்வது என்பது. ஒருவர் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து அந்தப் பங்கைப் பெறலாம். உறவினருக்கு அந்தத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும். செய்கிறவருக்கே நெல். குடும்பத்துக்கும் வழி, வேலைக்கும் வழி. என் கிளையில் ஹெட் கேஷியர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எனக்குப் பெட்டகச் சாவி நினைவிலேயே தூக்கம் வராது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மனதை உறுத்துகிற ஒன்றையும் சொல்ல வேண்டும்.

அந்த 400 பெண்களும் தாங்களாக வந்தவர்கள் அல்லர். சோழ மண்டலத்தின் பல கோயில்களிலிருந்து அரசாணையால் கொண்டுவரப்பட்டவர்கள். திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை, திருவையாறு என்று எத்தனையோ ஊர்கள். வந்தவருக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒருவர் விடாமல் பதிவு உண்டு. தெற்குத் தெருவின் தென்சிறகில் முதல் வீடு சேரமங்கைக்கு. திருவையாற்று ஒலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்தவர். அவருக்கு வர இஷ்டமா? அதைச் சொல்ல அந்தப் பட்டியலில் இடமில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு குமாஸ்தாவின் ஞாபகம் வந்தது. எங்கள் கிளையில் ஆள் அதிகம், ஒருவரை விடுவியுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம். நான் அவர் பெயரை எழுதினேன். அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், ஆறு மாதம் பொறுங்கள் சார் என்று வந்து நின்றார். விதி என்று ஒன்று இருக்கிறதே என்றேன். “நிர்வாக நலன் கருதி” என்று ஆரம்பிக்கும் அந்த இரண்டு வரி உத்தரவில் அவருடைய ஊழியர் எண் இருந்தது, புதிய கிளை இருந்தது. அம்மா இல்லை. மூன்றாம் மாதம் அந்த அம்மாள் காலமானார். அதன் பிறகு ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, “சார், சுகர் கட்டுப்பாட்டில் இருக்கா?” என்று அக்கறையாக விசாரித்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அளவு, கணக்கு, மாற்று ஏற்பாடு எல்லாவற்றையும் கல்லில் வெட்டிவிடலாம். ஆயிரம் வருஷம் நிற்கும். எதிரே நிற்கிற மனிதரை உட்காரச் சொல்லி, “உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேட்பதை எந்தக் கல்லிலும் வெட்டி வைக்க முடியாது. அதை அந்தந்த நாற்காலியில் இருப்பவன்தான் அன்றன்றைக்குச் செய்ய வேண்டும். நோட்டு நிறைய எழுதி வந்த நான் அந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளவில்லை.

இப்போதும் மாலையில் கோயிலுக்குப் போகிறேன். அந்தப் பெயர்ப் பட்டியல் உள்ள சுவர்ப் பக்கம் வந்தால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.