நானிங்கும் 400 கந்தாங் நெல்லும்

குடியேற்ற நாடுகளை ஆளும் முறை இருவகைப்படும். உள்ளூர்த் தலைவனை அவன் பீடத்திலேயே இருத்தி அவன் வாயிலாக ஆள்வது ஒன்று. அவனை அகற்றிவிட்டுத் தம் உத்தியோகஸ்தரைக் கொண்டே ஆள்வது மற்றொன்று. பின்னதை நேராட்சி என்பர். ஜெர்மானியர் கிழக்கு ஆப்பிரிக்காவில் பல பகுதிகளை இம்முறையிலேயே ஆண்டனர். கரையோரத்தாரான ‘அகிடா’ என்னும் அதிகாரிகளை உள்நாட்டுக் கிராமங்களின்மேல் வைத்தனர். 1898-இல் குடிசை வரி விதித்தனர். பருத்தி பயிரிடக் கட்டாயப்படுத்தினர். 1905-இல் மாஜி மாஜி கிளர்ச்சி மூண்டது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நம் மலாக்காவில் கும்பினியார் இம்முறையைச் சோதித்துப் பார்த்தனர் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

புக்கிட் காத்திலுக்கு வடக்கே, அலோர் காஜாவை அடுத்துள்ளது நானிங். 1641-இல் ஒல்லாந்தர் அந்நாட்டாருடன் செய்த உடன்படிக்கையில் விளைவில் பத்திலொரு பங்கு கேட்டிருந்தனர். அது ஏட்டளவில் நின்றது. நாளடைவில் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல் பெற்று அவர்கள் திருப்தியடைந்தனர். அது வரியன்று, மரியாதைக் காணிக்கையே எனலாம்.

1824-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. கவர்னர் புல்லர்ட்டனும், நில அதிகாரி லூயிஸும் பழைய தஸ்தாவேஜைப் புரட்டினர். நானிங் மலாக்காவின் ஒரு பகுதியே, பத்திலொன்றை முழுதும் செலுத்தவேண்டும், குற்றவிசாரணையும் மலாக்கா நீதிமன்றத்திற்கே உரியது என வாதித்தனர். பெங்குலு டோல் சாயிட் இணங்கவில்லை. கணக்குப் புத்தகத்தோடு பழகியவர்களுக்கு இது விளங்கும்: நெடுங்காலம் வசூலியாது விட்ட பாக்கியைப் புது முதலாளி ஏட்டில் கண்டுவிட்டால் குடியானவனுக்கு உறக்கமேது?

1831 ஆகஸ்டில் ஏறக்குறைய 150 சிப்பாய்கள் சென்றனர். ரெம்பாவ் வீரர் டோல் சாயிட்டுக்குத் துணைநின்றனர். படை பீரங்கிகளைக் காட்டிலே விட்டுப் பின்வாங்கியது. பின்னர்க் கும்பினியார் ரெம்பாவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு அதனைத் தம் பக்கம் இழுத்தனர். 1832-இல் பெரும்படை வந்தது. காட்டை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஊர்ந்தது. ஜூன் 15-இல் தாபோ வீழ்ந்தது. செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் பவுன்! நானிங்கின் நெல்லை எத்தனை தலைமுறை அளந்தால் அது ஈடாகும்?

அச்சிப்பாய்கள் யார்? சென்னை ராஜதானிப் பட்டாளத்தார், நம் நாட்டவர். 1792-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து பாளையக்காரரிடம் கிஸ்தி வாங்கும் உரிமையைக் கும்பினியார் பெற்றதும், அதன் விளைவாய் 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் நாம் கண்ணீரோடு பேசும் கதை. முப்பத்திரண்டே ஆண்டுகளில் அதே வழக்கை, நவாபுக்குப் பதில் ஒல்லாந்தர் என்று மாற்றியெழுதி, மலாய்க் குடிகள்மீது செலுத்தியபோது துப்பாக்கி ஏந்தியவர் நம்மவர். வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்களே, ஆயினும் வீரத் தமிழரென மேடையில் முழங்குவோர் இவ்வேட்டையும் படிப்பது நலம்.

போருக்குப்பின் நானிங்கின் பெங்குலு பதவி நீக்கப்பட்டது. மேற்பார்வை அதிகாரி அமர்ந்தார். ஆனால் ஊர்தோறும் சிறு தலைவர்களின்றி அவரால் வேலை நடத்த இயலவில்லை. கங்காணியை விரட்டிய துரை மறுநாளே மற்றொரு கங்காணியைத் தேடியதுபோலாயிற்று. பெண்வழியே நிலம் இறங்கும் பெர்ப்பாத்தே வழக்கமும் அழியாது நின்றது. 1834-இல் சரணடைந்த டோல் சாயிட்டைக் கும்பினியார் தண்டிக்கவில்லை. உபகாரச் சம்பளமும் மலாக்காவில் ஒரு வீடும் கொடுத்தனர். 1849-இல் அவர் இறக்கும்வரை அச்சம்பளத்தைக் கும்பினியாரே அளந்துவந்தனர்.