கட்டிலின் உயரம்

நோயாளியின் கட்டில் இரண்டு பேருடைய உடம்புக்குப் பதில் சொல்ல வேண்டியது. படுத்திருப்பவருக்கு அது தாழ்வாக இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும். பணிவிடை செய்பவருக்கோ இடுப்பளவு உயரம் தேவை. இல்லாவிட்டால் நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க நேரும். ஒரே உயரத்தில் நிற்கும் கட்டில் இருவரில் ஒருவரை வருத்தியே தீரும்.

ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியர் பணிக் குறிப்புகளில் கட்டிலுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். கட்டில் சோபாவைவிட உயரமாக இருக்கக் கூடாது, மூன்றரை அடிக்கு மேல் அகலம் வேண்டாம், செவிலியர் இரண்டு பக்கமும் எளிதாகப் போய்வர வேண்டும் என்றார். உயரக் கட்டிலில் கிடப்பவருக்குப் பக்கத்திலிருக்கும் பொருள்கூட எட்டாது; தனக்கென்று எதையும் செய்துகொள்ள முடியாமல் போகும். நோயாளி தன்னால் முடிந்ததைத் தானே செய்ய வேண்டுமென்றால் கட்டில் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாக அன்று சொன்னவர்கள் குறைவு. தலையணை விஷயத்திலும் அவர் கண் கூர்மையானது. தலையை முன்னால் தள்ளும்படி அடுக்காமல், முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்கும்படி வைத்தால் தோள்கள் பின்னால் சாய்ந்து மூச்சு விடுவது எளிதாகும் என்று விளக்கினார்.

அடுத்து வந்த மாற்றம் உயரத்தில் வரவில்லை, சாய்வில் வந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் ரையர்சன் ஃபௌலர், வயிற்றுக்குள் சீழ் பரவியவர்களின் தலையையும் உடலையும் உயர்த்தி வைக்கும் முறையை 1900-இல் விவரித்தார். சீழ் மேல்வயிற்றுக்கு ஏறாமல் கீழே இறங்கட்டும் என்பது நோக்கம். ஆனால் சாய்த்து உட்கார வைக்கப்பட்டவர் மெல்ல மெல்லக் கால்மாட்டை நோக்கிச் சரிவார். தோல் மெத்தையில் ஒட்டி நிற்க, உள்ளிருக்கும் எலும்பு கீழிறங்க, இடையிலுள்ள தசை இழுபட்டுப் புண்ணாகும். சரிந்தவரை மறுபடி மேலே இழுத்துப் போடுவது செவிலியரின் முதுகில் விழுந்த வேலை. 1909-இல் வில்லிஸ் காட்ச் அமைத்த கீல் கட்டில் தலைப்பக்கத்தோடு முழங்காலையும் மடக்கி உயர்த்தியது, சரிவது குறைந்தது.

படுத்தே கிடப்பது நல்லது என்ற எண்ணம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆட்டங்கண்டது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், படுக்கைப் புண் வராதிருக்க இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். 1947-இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றியே கட்டுரை எழுதினார். எழுந்து நடப்பது சிகிச்சையின் பகுதியானதும், உயரக் கட்டிலிலிருந்து கால் எட்டாமல் இறங்குவது கண்கூடான ஆபத்தாயிற்று.

நோயாளியின் தேவையையும் செவிலியரின் தேவையையும் சேர்த்துப் பார்த்தது லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் புரூஸ் ஆர்ச்சர் தலைமையில் நடந்த கட்டில் ஆய்வு. அதன் அடிப்படையில் கிங்ஸ் ஃபண்ட் அறநிதியின் கட்டில் தர வரையறை 1967-இல் வந்தது. ஏற்றி இறக்கக்கூடிய கட்டில் அதன் மையம்: உடம்பு துடைக்க, கட்டு மாற்ற உயர்த்தலாம், நோயாளி இறங்கும்போது தாழ்த்தலாம். படுத்திருப்பவருக்கும் பணிவிடை செய்பவருக்கும் இடையே இருந்த முரண் இங்கேதான் தீர்ந்தது. கட்டில் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை.

கட்டில் மாறினாலும் கைப்பழக்கம் உடனே மாறவில்லை. அக்குளுக்குள் கை கொடுத்து நோயாளியை இழுத்துத் தூக்கும் முறை நெடுங்காலம் நீடித்தது. அதில் செவிலியரின் முதுகு வளைந்தும் திருகியும் பாரம் சுமக்கும். நோயாளியின் தோள் மூட்டும் காயப்படும். பிரிட்டனில் 1992-இல் வந்த சுமை கையாளும் விதிகள் அபாயமான தூக்குதலைத் தவிர்க்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தன. நோயாளியே எழ முடியுமானால் அதற்கு உதவுவதுதான் சரியான வழி: கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். இருக்கை முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருந்தால் இது எளிது.

விழாமல் காக்கப் பொருத்திய பக்கக் கம்பிகளும் தீங்கு செய்தன. கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலான சந்தில் தலையோ மார்போ சிக்கிப் பலர் இறந்தார்கள். 1985 முதல் 2012 முடிய இப்படிப்பட்ட 531 மரணங்கள் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்கு வந்த புகார்களில் பதிவாயின. தள்ளாடும் முதியவர் கம்பியைத் தாண்டி ஏறி விழுந்தால் விழும் உயரமும் கூடிவிடுகிறது. அதனால்தான் பின்னாளில் தரையை ஒட்டித் தாழும் கட்டில்கள் வந்தன.

தமிழ்நாட்டில் அறுவை மருத்துவர் ஃபௌலரின் பெயர் சர்ஜிகல் கடைகளில் வாழ்கிறது. பக்கவாதம் வந்தவருக்காக வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கும் கட்டிலை ‘ஃபௌலர் காட்’ என்றே கேட்கிறார்கள். சாதாரண வகையில் கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகள் இருக்கும்: ஒன்று முதுகை உயர்த்த, மற்றது முழங்காலை மடக்க. உயரத்தை மாற்றும் மூன்றாவது கைப்பிடி அதில் இருப்பதில்லை.