உணர்ச்சியும் உடைமையும்: அகுஸ்தீனாரின் குடும்பம் பற்றிய ஒரு குறிப்பு

குடும்ப உணர்ச்சிகளைக் காலங்கடந்த மனித இயல்பின் வெளிப்பாடுகளாகக் கொள்வது இலக்கிய வரலாற்றாசிரியரிடையே பெருவழக்கு. அவ்வுணர்ச்சிகள் எத்தகைய சமூக உறவுகளினூடாக உருப்பெறுகின்றன என்னும் வினா இதனால் எழாமலே போய்விடுகின்றது. பிற்கால உரோமப் பேரரசைப் பொறுத்தவரை, அகுஸ்தீனார் கி.பி. 397 அளவில் எழுதத் தொடங்கிய 'ஒப்புதல்கள்' இவ்வினாவை ஆராய உதவும் அரிய சான்றாகும்.

அகுஸ்தீனார் 354இல் வட ஆபிரிக்காவின் தகாஸ்தே நகரிற் பிறந்தவர். தந்தை பத்ரீசியஸ் நகரசபையினர், பெருஞ்செல்வரல்லர். அரசிறையைத் திரட்டும் பொறுப்பு அக்காலத்தில் நகரசபையினர் மீதே சுமத்தப்பட்டிருந்தது. குறைவுபடின் தமது உடைமையிலிருந்து அவர்கள் ஈடுசெய்யவேண்டியவராயினர். இந்நெருக்கடியிலிருந்து மீள்வதற்குக் கல்வியும் அரச பதவியும் வழிகளாயின. மகனின் கல்வியிற் பெற்றோர் காட்டிய பேரார்வத்தை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

பத்ரீசியஸ் கடுஞ்சினத்தவர். அவ்வூர்ப் பெண்கள் பலர் கணவன்மாரிடம் அடிபட்ட தழும்புகளைத் தாங்கியிருந்தனர். திருமண ஒப்பந்தத்தைத் தம்மை அடிமைகளாக்கிய சாசனமாகக் கருதுமாறு தாய் மொனிக்கா அவர்களுக்கு வேடிக்கைபோல் அறிவுரை கூறினார். மாமியாருக்கும் மொனிக்காவுக்குமிடையே பகைமூட்டிய அடிமைப் பணிப்பெண்களைப் பத்ரீசியஸ் அடித்துத் தண்டித்தார். அதன்பின் வீட்டில் அமைதி நிலவியதென மகன் மனநிறைவோடு எழுதுகின்றார். குடும்ப இணக்கம் எவருடைய முதுகின்மீது நிலைநாட்டப்பட்டது என்பது ஈண்டுக் கவனிக்கத்தக்கது.

384இல் அகுஸ்தீனார் மிலானிற் சொற்கலை ஆசிரியரானார். ஆளுநர் பதவியும் ஓரளவு சீதனத்தோடு வரும் மனைவியும் எட்டக்கூடியனவாயின. தாயின் முயற்சியால் மணம் பேசப்பட்ட சிறுமி, சட்டம் வகுத்த 12 வயதை எய்த இன்னும் ஏறத்தாழ 2 ஆண்டுகள் இருந்தன. பல்லாண்டு உடன்வாழ்ந்து மகனொருவனைப் பெற்ற பெண்ணோ, இம்மணத்துக்குத் தடையெனக் கருதப்பட்டு ஆபிரிக்காவுக்குத் திருப்பியனுப்பப்பட்டாள். மகன் தந்தையிடம் தங்கினான். நிச்சயித்த மணமும் இறுதியில் நிகழவில்லை.

இப்பிரிவு தமது நெஞ்சைப் பிளந்து குருதி வடியச்செய்தது என்கிறார் அகுஸ்தீனார். இத்துயரைப் போலியெனத் தள்ளுவது கொச்சைப் பொருள்முதல்வாதமேயன்றி இயக்கவியல் நோக்காகாது. துயரம் மெய்யானது, அதனை விளைவித்த வர்க்க நலனும் மெய்யானதே. அவ்விரண்டும் ஒரே மனிதனுள் இயங்கின.

387இல் ஒஸ்தியாவில் மறைந்த தாய்க்காக அவர் சிந்திய கண்ணீர் பக்கங்களாக விரிகின்றது. அனுப்பப்பட்டவளின் பெயரை அவர் எழுதவில்லை. வேறோர் ஆடவனை நாடேன் என்ற அவளது சபதம் மட்டும் ஒரு வாக்கியத்தில் எஞ்சுகின்றது. அடிபட்ட பணிப்பெண்களுக்கு அவ்வொரு வாக்கியமும் வாய்க்கவில்லை.