வான் நியூமன்–விக்னர் விளக்கம்

குவாண்டம் இயற்பியலில் ஓர் அளவீடு எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு, அளப்பவரின் பிரக்ஞையில் என்று விடை தரும் கருத்து. ஜான் வான் நியூமன் (1903–1957), யூஜின் விக்னர் (1902–1995) ஆகியோரின் பெயரால் வழங்குகிறது. இருவரும் புடாபெஸ்டில் பிறந்தவர்கள். அந்நகரின் ஃபசோரி லூத்தரன் பள்ளியில் ஒரு வகுப்பு முன்பின்னாகப் படித்தவர்கள். பெயர் இருவரையும் சேர்த்து வைத்திருந்தாலும் அவர்கள் கருத்து ஒன்றுதானா என்பது ஐயத்துக்குரியது. வான் நியூமன் இக்கருத்தை வெளிப்படையாகச் சொன்னதில்லை. விக்னர் சொன்னார், பிறகு கைவிட்டார்.

பின்னணி

மாக்ஸ் பிளாங்க் 1900-இல் தொடங்கிவைத்த குவாண்டம் கருத்து, 1925–26-இல் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் ஆகியோரின் கையில் முழுக் கோட்பாடாயிற்று. அதன்படி ஓர் எலெக்ட்ரானின் நிலையை அலைச்சார்பு விவரிக்கிறது. அளக்காதவரை அது ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி சீராக மாறிவரும். பல வாய்ப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். அளந்தால் ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். எது கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. நிகழ்தகவை மட்டும் கணிக்கலாம். இந்த விதியை மாக்ஸ் போர்ன் 1926-இல் வெளியிட்டார். அலைச்சார்பின் மதிப்பே நிகழ்தகவு என்று கட்டுரையில் எழுதிவிட்டு, அதன் இருமடியே சரி என்ற திருத்தத்தை அச்சுப்படி பார்க்கும் கட்டத்தில் அடிக்குறிப்பாகச் சேர்த்தார். 1954-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது, அடிப்படையில், அந்த அடிக்குறிப்பு.

பல வாய்ப்புகள் ஒன்றாகச் சுருங்குவது, அதாவது அலைச்சார்பின் சரிவு, ஏன் என்பதுதான் அளவீட்டுச் சிக்கல். 1927 அக்டோபரில் பிரசெல்ஸில் கூடிய சால்வே மாநாட்டில், இயற்கை தேர்ந்தெடுக்கிறது என்றார் டிராக். நோக்குநர் தேர்ந்தெடுக்கிறார் என்றார் ஹைசன்பர்க். நீல்ஸ் போர் இதில் மனத்துக்கு இடம் தரவில்லை; கருவியைச் செவ்வியல் இயற்பியலின் மொழியில் விவரித்தால் போதும் என்பது அவர் நிலைப்பாடு.

பெர்லின், 1932

வான் நியூமன் தம் 28 வயதில் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட 'குவாண்டம் விசையியலின் கணித அடிப்படைகள்' என்ற நூலின் ஆறாம் அதிகாரமே இக்கருத்தின் தோற்றுவாயாகக் காட்டப்படுகிறது. நூல் முழுதும் கணிதம். இந்த அதிகாரத்தில் மட்டும் ஒரு சாதாரண வெப்பமானி வருகிறது. வெப்பநிலையை அளக்க வேண்டும். பாதரசம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட்டு, இதுதான் அளவு என்று நிறுத்திக்கொள்ளலாம். அல்லது பாதரசத்தையும் கணக்கில் சேர்த்து, அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணை அடைவதுவரை போகலாம். இன்னும் உள்ளே, கண்வில்லை, விழித்திரை, பார்வை நரம்பு, மூளைச் செல்களில் நிகழும் வேதி மாற்றம் என்று போய்க்கொண்டே இருக்கலாம். எவ்வளவு தூரம் போனாலும் ஏதோ ஓரிடத்தில், இதை நோக்குநர் காண்கிறார் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அளக்கப்படுவது, அளக்கும் கருவி, அளப்பவர் என உலகை மூன்றாகப் பிரித்த வான் நியூமன், காணப்படுவதையும் காண்பவரையும் பிரிக்கும் கோட்டை முதலிரண்டுக்கு நடுவே போட்டாலும் பின்னிரண்டுக்கு நடுவே போட்டாலும் கணக்கின் விடை மாறாது என்று நிறுவினார். நிறுவியது இவ்வளவே. கோடு பிரக்ஞையின் வாசலில்தான் விழ வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படாது. எங்கே போட்டாலும் சரி என்பதே பெறப்படும். ஆனால் மூன்றாம் பகுதியை அவர் நோக்குநரின் அருவமான 'நான்' என்று குறித்திருப்பதால், கோடு பிரக்ஞையில்தான் விழும் என்போருக்கும் பிடி கிடைக்கிறது. இவ்விவாதத்தின் முக்கியக் கூறுகள் லியோ சிலார்டுடன் உரையாடியதில் கிடைத்தவை என்று அவரே ஓர் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சிலார்டும் புடாபெஸ்ட்காரர். பெயர் சூட்டியவர்கள் அவரை விட்டுவிட்டார்கள்.

நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1955-இல்தான் வந்தது. வான் நியூமன் இப்பொருளுக்குத் திரும்பி விரிவாக எழுதவில்லை.

1935-இல் வெளியான, ஒரு பூனை உயிரோடும் இறந்தும் கலந்த நிலையில் கிடக்கும் ஷ்ரோடிங்கரின் கற்பனைச் சோதனை இந்த வரிசையில் அடிக்கடி சேர்க்கப்படுகிறது. அவருடைய நோக்கம் பிரக்ஞைக்குப் பொறுப்பு தருவதன்று. கோட்பாட்டை அப்படியே நம்பினால் வரும் அபத்தத்தைக் காட்டுவது. அவருக்கு வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது உண்மை; 1944-இல் வெளியான 'உயிர் என்பது என்ன' நூலின் பின்னுரையில் உபநிடதங்கள் வருகின்றன. அந்த ஈடுபாட்டை அளவீட்டுச் சிக்கலுக்கு விடையாக அவர் முன்வைத்தார் என்பதற்கு ஆதாரம் குறைவு.

பாரிஸ், 1939

ஃபிரிட்ஸ் லண்டன், எட்மண்ட் பாவர் இருவரும் பிரெஞ்சில் எழுதி எர்மான் பதிப்பகத்தின் நூல்வரிசையில் 775-ஆம் எண்ணாக வந்த ஒரு சிறுநூல், வான் நியூமனின் கடினமான அதிகாரத்தை எளிமைப்படுத்தித் தரும் பணியை ஏற்றது. பால் லாஞ்செவின் முன்னுரை வழங்கினார். தன் மனநிலையைத் தானே அறியும் ஆற்றல் நோக்குநருக்கு உண்டு, கருவிக்கு இல்லை. அந்த ஆற்றலே வாய்ப்புகளின் சங்கிலியை அறுக்கிறது என்று இந்நூல் சொல்கிறது. பிற்காலத்தார் வான் நியூமனின் கூற்றாகக் கொண்டதில் பெரும்பகுதி உண்மையில் இதன் கூற்று.

லண்டன் 1927-இல் ஹைட்லருடன் சேர்ந்து ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை விளக்கியவர் என்று வேதியியல் மாணவர்கள் அறிவார்கள். ஆனால் அவர் 1921-இல் மியூனிக்கில் முனைவர் பட்டம் பெற்றது தத்துவத்தில். அந்த ஆய்வேடு தத்துவ அறிஞர் ஹுஸர்ல் நடத்திய ஆண்டுமலரில் அச்சானது. ஆகவே நூல் சொல்வது பிரக்ஞை பொருளைத் தள்ளி அசைக்கிறது என்பதன்று, நோக்குநர் தன்னையும் பொருளையும் பிரித்தறிகிறார் என்ற ஹுஸர்ல் வழிச் சிந்தனைதான் என்று தத்துவவியலாளர் ஸ்டீவன் ஃபிரெஞ்ச் போன்றோர் வாதிடுகின்றனர். இவ்வாசிப்பை எல்லோரும் ஏற்கவில்லை. நாஜி ஆட்சியால் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய லண்டன், நூல் வெளியான ஆண்டிலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். இதன் ஆங்கில வடிவம் 1983-இல் வீலரும் சூரெக்கும் தொகுத்த நூலில் இடம்பெற்றது.

பிரின்ஸ்டன், 1961

விக்னரின் கட்டுரை, அரைவேக்காட்டுக் கருத்துகளின் திரட்டு என்று தன்னைத் தானே அறிவித்துக்கொண்ட ஒரு தொகுப்பில் வெளிவந்தது. தொகுத்தவர், போர்க்காலத்தில் ஆலன் டியூரிங்குடன் பணியாற்றிய ஐ. ஜே. குட். கட்டுரையில் விக்னர் ஓர் ஒளிக்கீற்று தோன்றுகிறதா என்று பார்க்கும் வேலையை ஒரு நண்பரிடம் விடுகிறார். நண்பர் பார்த்துவிட்டார், விக்னர் இன்னும் கேட்கவில்லை. சமன்பாட்டின்படி நண்பரும் 'கண்டார்', 'காணவில்லை' என்ற இரண்டும் கலந்த நிலையில் தொங்க வேண்டும். சக மனிதரைப் பற்றி அப்படிச் சொல்வது விக்னருக்கு அபத்தமாகப் பட்டது. ஆகவே பிரக்ஞை உள்ள இடத்தில் சமன்பாடே மாற வேண்டும் என்று முடித்தார். இதே காட்சியை ஹியூ எவரெட் 1956-இல் தம் நெடிய ஆய்வேட்டில் எழுதி நேர்மாறான முடிவுக்கு வந்திருந்தார். அது 1973 வரை அச்சேறவில்லை. பெயர் விக்னரின் நண்பருக்கே நிலைத்தது.

இக்கருத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனவர்கள் மிகச் சிலர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் அப்னர் ஷிமோனியும் மூன்று மாணவர்களும் 1977-இல் வெளியிட்ட சோதனை குறிப்பிடத்தக்கது. கதிரியக்கச் சிதைவைக் காட்டும் எண்ணியை ஒருவர் சில நேரம் பார்ப்பார், சில நேரம் பார்க்கமாட்டார். வேறிடத்தில் இருக்கும் இன்னொருவர் அதே எண்ணிக்கையைச் சற்றுப் பிந்திப் பார்த்து, முன்னவர் பார்த்தாரா என ஊகிக்க வேண்டும். முடிவு காசு சுண்டியதற்கு மேல் இல்லை. சோதனை எளியது, முடிவும் எதிர்பார்த்ததே. ஆனாலும் செய்து பார்த்தார்கள்.

பிற்கால வரலாறு

சுற்றுப்புறத்தோடு இடையறாது உறவாடுவதால் பெரிய பொருள்களில் மேற்படிந்த நிலை மிக விரைவில் மறைகிறது என்று டீட்டர் ட்சே 1970-இல் காட்டினார். இது விக்னரை மாற்றியது. 1970-களின் பிற்பகுதி முதல் அவர் தம் பழைய கருத்திலிருந்து விலகினார். உலகில் தான் மட்டுமே உண்டு என்ற இடத்தில் அது கொண்டுவிடுமோ என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. கவனிப்பைப் பற்றிய இன்னொரு முடிவும் இதே திசையில் சென்றது. இடைவிடாது கவனித்தால் குவாண்டம் மாற்றம் தடைப்படும் என்பதை 1977-இல் மிஸ்ராவும் ஈ. சி. ஜி. சுதர்சனும் நிறுவினர். 1990-இல் அது பெரிலியம் அயனிகளில் மெய்ப்பிக்கப்பட்டபோது 'கவனித்தது' லேசர் துடிப்பு. மனம் தேவைப்படவில்லை.

இயற்பியலாளர்கள் கைவிட்ட அதே காலத்தில் வெகுசன நூல்கள் இக்கருத்தை எடுத்துக்கொண்டன. ஃபிரிட்யோஃப் காப்ராவின் 'இயற்பியலின் தாவோ' 1975-இல் வந்தது. ராஜர் பென்ரோஸ் 1989 முதல் முன்வைப்பது இதன் தலைகீழ் வடிவம்: பிரக்ஞையால் சரிவு நேர்வதில்லை, சரிவால்தான் பிரக்ஞை. மூளையின் வெம்மையில் மேற்படிந்த குவாண்டம் நிலைகள் நீடிக்காது என 2000-இல் டெக்மார்க் மறுத்தார், விவாதம் முடியவில்லை.

ஆஸ்திரியாவில் 2011-இல் நடந்த ஒரு கருத்தரங்கில் 33 பேரிடம் எடுத்த கணிப்பில், நோக்குநருக்குத் தனிப்பட்ட இயற்பியல் பங்கு உண்டு என்றோர் 6 விழுக்காடு, அதாவது இருவர்.

விக்னரின் நண்பர் 2018-இல் சூரிச்சின் ஃபிராகிகர், ரென்னர் எழுதிய கட்டுரையால் மீண்டும் பேசப்பட்டார். 2019-இல் எடின்பரோவில் ஆறு ஃபோட்டான்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு ஃபோட்டானை நண்பர் என்று கொள்ளலாமா என்ற ஆட்சேபம் உடனே எழுந்தது. குவாண்டம் கணினியில் இயங்கும், மனிதருக்கு நிகரான செயற்கை நுண்ணறிவை நண்பராக வைக்கலாம் என்று வைஸ்மன், கவல்கான்டி, ரீஃபல் ஆகியோர் 2023-இல் முன்மொழிந்துள்ளனர். அதற்கான கணினி இன்னும் இல்லை.