வண்ண வரைகலை அட்டைகள் (தொடக்கக் காலம்)

தனிநபர்க் கணினியின் செருகுவாயில் பொருத்தி, திரையில் வண்ணப் படங்களை வரவழைக்கப் பயன்பட்ட மின்சுற்று அட்டைகள். 1976 முதல் 1987 வரையிலான காலம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆப்பிள் II (1977) போன்றவற்றில் வண்ணச் சுற்று தாய்ப்பலகையிலேயே அமைந்திருந்ததால் அவை இக்கட்டுரையில் அடங்கா.

நுண்கணினிக்கான முதல் வண்ண அட்டையாகப் பெரும்பாலோர் குறிப்பிடுவது கிரோமெம்கோ நிறுவனத்தின் ‘டாஸ்லர்’. ஹாரி கார்லண்ட், ரோஜர் மெலன் ஆகியோரின் நிறுவனம் இது. 1976 பிப்ரவரி ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் டாஸ்லர் இடம்பெற்றது. ஆல்டேர் கணினியில் இரண்டு பலகைகளாகச் செருகப்பட்ட இதற்குச் சொந்த நினைவகம் இல்லை. கணினியின் நினைவகத்தையே நேரடியாகப் படித்துத் தொலைக்காட்சிக்கு அனுப்பியது. 2 கிலோபைட் ஒதுக்கினால் 64க்கு 64 புள்ளிகள் கொண்ட வண்ணப் படம் கிடைத்தது. லி-சென் வாங் இதற்கு எழுதிய ‘கலைடாஸ்கோப்’ நிரலின் மொத்த அளவு 127 பைட். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் ஒரு கணினிக் கடைச் சன்னலில் அது ஓடியபோது வாகனங்கள் நின்று போக்குவரத்தே முடங்கியதாகச் சொல்வார்கள். இதைச் சொன்னவர் கடைக்காரர் ஸ்டான் வெய்ட். கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். அடுத்த சில ஆண்டுகளில் வேறு நிறுவனங்களும் இத்தகைய அட்டைகளை விற்றன.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமானபோது இரண்டு திரை அட்டைகள் தனித்தனியாக விற்கப்பட்டன. ஒன்று எழுத்து மட்டும் காட்டும் எம்டிஏ. மற்றது 300 டாலர் விலையிட்ட கலர் கிராபிக்ஸ் அடாப்டர், சுருக்கமாகச் சிஜிஏ. இரண்டும் வெவ்வேறு நினைவக முகவரிகளில் இயங்கியதால் ஒரே கணினியில் இரண்டையும் செருகி, இரண்டு திரைகள் வைத்து வேலைசெய்ய முடிந்தது. ஒன்றில் நிரலும் மற்றதில் அதன் பிழைதிருத்தியும் ஓட, நிரலாளர்கள் இதை விரும்பிப் பயன்படுத்தினர்.

சிஜிஏயின் நினைவகம் 16 கிலோபைட். அதன் குணங்களில் பாதி இந்த எண்ணிலிருந்தே பிறந்தவை. 320க்கு 200 புள்ளிகளில், புள்ளிக்கு இரண்டு பிட் வீதம் 16,000 பைட் தேவை. மிஞ்சியது 384 பைட். இரண்டு பிட்டில் நான்கு நிறங்களுக்கு மேல் இடமில்லை. 640க்கு 200 என்றால் இரண்டே நிறம். எழுத்துமுறையில் மட்டும் பதினாறு நிறங்களும் கிடைத்தன. திரையை இயக்கிய மோட்டோரோலா 6845 சில்லு எழுத்துத் திரைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதனால் 128 வரிசைகளுக்கு மேல் எண்ண இயலாது. எனவே 200 கோடுகளை, இரண்டிரண்டு கோடுகள் கொண்ட 100 வரிசைகளாக அதற்குக் காட்டினார்கள். இரட்டைக் கோடுகள் நினைவகத்தின் முதல் பாதியிலும், ஒற்றைக் கோடுகள் மறுபாதியிலும் போய் அமர்ந்தது இப்படித்தான்.

வரைகலைமுறையின் நான்கு நிறங்களில் பின்னணியை மட்டும் பதினாறிலிருந்து தேர்ந்துகொள்ளலாம். மற்ற மூன்றும் தொகுதியாகவே வரும்: பச்சை, சிவப்பு, பழுப்பு என்றொரு தொகுதி, இளநீலப் பச்சை, கருஞ்சிவப்பு, வெள்ளை என்றொரு தொகுதி. அக்கால விளையாட்டுகளில் வானமும் முகங்களும் ஏன் அந்தக் கண்கூசும் நிறங்களில் இருந்தன என்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு. திரையில் வேறுபாடு தெளிவாகத் தெரியவே தேர்ந்தார்கள் என்பது ஒன்று. மற்றது சுற்றின் எளிமை: புள்ளியின் இரண்டு பிட்டுகளும் பச்சை, சிவப்பு கம்பிகளை இயக்க, தொகுதியை மாற்றுவது என்பது நீலக் கம்பியைச் சேர்ப்பதோ விடுவதோதான். சுற்று வரைபடம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது.

பழுப்பு நிறத்துக்கென்று தனிக்கதை உண்டு. சிவப்பும் பச்சையும் மங்கலாகச் சேர்ந்தால் கிடைக்கவேண்டியது அழுக்கு மஞ்சள். ஐபிஎம் 1983இல் வெளியிட்ட 5153 மானிட்டரில், அந்த ஒரு நிறம் வரும்போது மட்டும் பச்சையின் அளவைப் பாதியாகக் குறைக்கும் சிறு சுற்றைச் சேர்த்திருந்தார்கள். அது இல்லாத திரைகளில் மரமும் மண்ணும் கடுகு நிறத்திலேயே தெரிந்தன.

எண்பது எழுத்து அகல முறையில், செயலி நினைவகத்தில் எழுதும் நொடியில் திரைச்சுற்றுக்குச் சரியான தரவு கிடைக்காது. திரையெங்கும் வெண்பொட்டுகள் சிதறும். ‘பனி’ என்று அழைக்கப்பட்ட இதைத் தவிர்க்க, கதிர் திரும்பும் இடைவெளிக்குக் காத்திருந்து எழுத வேண்டும், வேகம் குறையும். டர்போ பாஸ்கல் மொழியில் இதற்கென்றே ‘செக்ஸ்னோ’ என்ற மாறி இருந்தது. சிஜிஏ வழக்கொழிந்த பின் 1992இல் வந்த ஏழாம் பதிப்பிலும் அது நீடித்தது.

அட்டையில் தொலைக்காட்சி வகை இணைப்பும் ஒன்று உண்டு. பிசியின் முதன்மைப் படிகம் 14.318 மெகாஹெர்ட்ஸ், அதை நான்கால் வகுத்தால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வண்ண அலைவெண், மூன்றால் வகுத்தால் செயலியின் 4.77 மெகாஹெர்ட்ஸ். நிறம் பிசகினால் சரிசெய்யத் தாய்ப்பலகையில் திருகும் மின்தேக்கி ஒன்று வைத்திருந்தார்கள்; அதைத் திருப்பினால் செயலியின் வேகமும் இம்மியளவு மாறும். இந்த இணைப்பில் 640 புள்ளிக் கறுப்பு வெள்ளைப் படத்தின் நுண்கோடுகளைத் தொலைக்காட்சி வண்ணமாக எடுத்துக்கொள்ளும். விளையாட்டு எழுதுவோர் அதையே பயன்படுத்திப் பதினாறு நிறங்கள் வரை வரவழைத்தனர். ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையைக் கொண்ட இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளின் தொலைக்காட்சிகளில் இது பலிக்கவில்லை.

அலுவலகங்கள் சிஜிஏயை அதிகம் நாடவில்லை. 8க்கு 8 புள்ளிகளில் அடைந்த அதன் எழுத்து நாள் முழுதும் படிக்க உகந்ததன்று. 1982இல் வான் சுவன்னுகுல் உருவாக்கிய ஹெர்குலிஸ் அட்டை நிறமற்றது. ஆனால் கூரிய எழுத்தோடு 720க்கு 348 புள்ளி வரைகலையும் தந்து அவ்விடத்தைப் பிடித்தது. தாய்லாந்து எழுத்துகளைக் கணினியில் காண விரும்பியே அவர் அதைச் செய்ததாகக் கூறப்படுகிறது.

1984இல் பிசிஜூனியர், டான்டி 1000 ஆகிய கணினிகள் 320க்கு 200 புள்ளிகளில் பதினாறு நிறங்கள் தந்தன. அதே ஆண்டு வந்த ஈஜிஏ அட்டை, 640க்கு 350 புள்ளிகளில் 64 நிறங்களிலிருந்து பதினாறைக் காட்டியது. 1987இல் பிஎஸ்/2 கணினிகளோடு விஜிஏ வந்தது: 2,62,144 நிறங்கள், ஒரே நேரத்தில் 256.

2015 ஏப்ரலில் ஜெர்மனியின் ‘ரிவிஷன்’ விழாவில் ‘8088 எம்பிஎச்’ என்ற செயல்விளக்க நிரல், தொலைக்காட்சி இணைப்பின் வழியே சிஜிஏயில் 1,024 நிறங்களைக் காட்டியது. அசல் 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியின் நேரக் கணக்கை நம்பி எழுதப்பட்டதால், அன்றைய போலிமை மென்பொருள்களில் அது சரியாக ஓடவில்லை.